நாற்பதாம் நம்பர் பெட்டி

என் பாதத்தின் அளவை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்த அண்ணிக்கு,

நீ போய் ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறான். சர்க்கரை மாத்திரையை யாரும் சொல்லாமலே போட்டுக்கொள்கிறான், அதுவே பெரிய சங்கதி. உன் மகள் திவ்யாவுக்கு ஆஸ்பத்திரியில் இப்போது குழந்தைகள் வார்டில் நர்ஸ் டியூட்டி. உன் தையல் மெஷினை யாரும் ஓட்டுவதில்லை. மாதம் ஒரு தரம் நான் போய் எண்ணெய் விட்டுவிட்டு வருகிறேன்.

மலைக்குப் போய்விட்டு வந்தேன் அண்ணி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. நான் பொய் சொன்னதும் நாலு பேர் எதிரில்தான்.

எனக்கு முட்டி வலிக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், நீயும் நானும் இமயமலைக்குப் போவதென்று டிக்கெட் எடுத்து, திவ்யா போனிலேயே மலையேற்றக் குழுவில் நம் பேரையெல்லாம் பதிந்து, தெரு முழுக்கத் தெரிந்த பிறகு, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, முட்டி வலிக்கிறது என்று படுத்தேனே, அந்த முட்டியைத்தான் சொல்கிறேன். நீ குடியாத்தம் போய் யாரோ சொன்ன தைலம் வாங்கி வந்தாய். ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு தரையில் உட்கார்ந்து என் காலை உன் மடிமேல் இழுத்து வைத்துத் தேய்த்தாய். வலியில்லாத முட்டிக்கு நான் "அங்கதான் அண்ணி, அங்கதான்" என்று முனகினேன். வெட்கங்கெட்டவள்.

பயம் அண்ணி. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே என்றால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள். பனியில் வழுக்கினால் பிணம்கூடக் கிடைக்காது என்று இன்னொருத்தி சொன்னாள். பாலாற்று மணலில் நடந்து வளர்ந்த எனக்கு, ஏலகிரி பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி வரும். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. முட்டி என்று சொல்ல வந்தது.

"நீ வராம நான் போ மாட்டேன். அடுத்த வருஷம் போலாம் வுடு" என்றாய். டிக்கெட்டைக் கேன்சல் செய்தாய். அடுத்த வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த வருஷம் உனக்கு ரத்தத்தில் நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

உனக்கு இந்த மலை ஆசை எப்படி வந்தது என்று அண்ணன் இன்னும் கேட்கிறான். எனக்கு மட்டும் தெரியும். இருபது வருஷம் நீ மலையேறும் ஷூவுக்கு மேல்தோல் தைத்தாய். நான் அதே கம்பெனியில் கடைசிக் கட்டிடத்தில், பேக்கிங்கில், ஷூவின் நாக்கில் இருக்கும் நம்பரும் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துப் பார்த்து அடுக்கினேன். பெட்டியின் மூடியில் பனி மூடிய மலைப் படம் ஒன்று இருக்கும். நாம் செய்து அனுப்பிய ஷூக்கள் அந்த மலையையெல்லாம் ஏறி இறங்கிவிட்டன. நாம் ஜோலார்பேட்டை தாண்டினால் அதிகம்.

ஒரு தரம் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் அம்மா ஒருத்தர் கம்பெனியைப் பார்க்க வந்தார். உங்கள் வரிசையில் நின்று, இந்த ஷூவைப் போட்டு யாராவது மலை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டாராம். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள, நீ மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "மலைய பொட்டி மேலதான் பாத்துக்கிறோம்" என்றாயாம். சூப்பர்வைசர் அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ, அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டதாம். போகிறபோது உன்னிடம் கால் அளவு கேட்டு, ஒரு ஜோடியை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் நான் பக்கத்தில் இல்லாமல் காதால் கேட்டதுதான்.

அந்த ஜோடியை நீ பத்திரப்படுத்திய அழகு இருக்கிறதே! பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அந்துருண்டை போட்டு, பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தையல் மெஷின், கத்திரிக்கோலோடு அந்தப் பெட்டியையும் எடுத்து வைப்பாய். சந்தனம் தடவி, அதன் மேலே குங்குமம். செருப்புக்குப் பொட்டு வைக்கிற ஆளை உலகத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று கிண்டல் செய்வேன்.

"ஒருதரம் கால வுட்டுத்தான் பாரேன் கலா" என்பாய்.

"உன் ஷூவுல என் கால வுட்டா ஷூ கிழிஞ்சிடும்" என்பேன். நீயும் சிரிப்பாய்.

என் கால்தான் ஊருக்கே தெரியுமே. பள்ளிக்கூடத்திலேயே தோணி என்று கூப்பிட்டார்கள். கல்யாணத்தில் மெட்டி நுழையாமல் ஆசாரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், சம்பந்தி வீட்டார் முன்னால் அம்மா கூனிக் குறுகினாள். ஆம்பூரில் இத்தனை ஷூ கம்பெனி இருந்து என்ன, கடையில் பொம்பளைச் செருப்பு எனக்கு ஏறாது. ஆம்பளைச் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டினேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொட்டிய எடுத்துக்கினு போ. மலைக்குப் போய்ட்டு வா" என்றாய். உன் கால் முப்பத்தாறு, என் கால் எங்கே, என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் அளவு பேசுவதா? சரி அண்ணி என்றேன். நீ எதற்கோ லேசாகச் சிரித்தாய்.

வருஷத் திதி முடிந்த மறுநாள் திவ்யா பெட்டியைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். "போலாமா அத்த?" என்றாள். கொடுத்த வாக்கு. உள்ளே நுழையாவிட்டால் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டாவது போகலாம் என்று நினைத்துக்கொண்டே வலது காலை விட்டேன்.

வழுக்கிக்கொண்டு போனது அண்ணி. குதிகால் சரியாக உட்கார்ந்தது. விரல்கள் அசைந்தன. நாற்பத்தாறு வயதில் முதல் தரம் என் கால் ஒரு ஷூவுக்குள் இடிபடாமல் இருந்தது. ஷூவின் நாக்கைத் தூக்கி நம்பரைப் பார்த்தேன். நாற்பது.

ஈரத்துணியை எடுத்துப் பெட்டியின் ஸ்டிக்கரைத் துடைத்தேன். ஏழெட்டு வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அட்டை போல் உரிந்து வந்தன. அடியில் அதே நாற்பது. நாள் முழுக்க அடுத்தவன் பெட்டியின் நம்பரைச் சரிபார்க்கிறவள், என் வீட்டுப் பெட்டியை ஒரு தரம் திருப்பிப் பார்த்ததில்லை. சரியாக நம்பர் மேலேயே பொட்டு வைத்தாயே, அது தற்செயலா, இல்லை வேண்டுமென்றேதானா?

மறுநாள் உங்கள் வரிசையில் இருக்கும் சரோஜாவைப் பிடித்துக் கேட்டேன். "அன்னிக்கே நாங்கெல்லாம் சிரிச்சோம்டி, உன் காலு இம்மாத்தூண்டு, நாப்பது கேக்கறியேன்னு" என்றாள். "அதுக்கு உங்க அண்ணி, எனக்கு எந்தக் கடையிலயும் கெடைக்கும், என் நாத்தனாருக்குத்தான் கெடைக்காதுன்னா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பேக்கிங் மேஜையில் உட்கார்ந்து அன்றைக்குப் பூரா அழுதேன். ஏன் சொல்லவில்லை நீ? சொன்னால் நான் வறட்டுக் கவுரவம் பிடித்து வேண்டாம் என்றிருப்பேன் என்றா? மலையடிவாரத்தில் வைத்துக் கையில் கொடுக்கலாம் என்றா? எனக்கு இதைக் கொடுத்துவிட்டு நீ எதைப் போட்டு ஏறுவதாக இருந்தாய்?

மூன்று மாதம் பழகினோம், திவ்யாவும் நானும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலகிரியில் ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கினோம். முதல் வாரம் நாக்குத் தள்ளியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் ஷூ அழுக்காகிவிடக் கூடாது என்று பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு பழகினேன். உன் ஷூவை மறுபடி கவரில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உனக்கு ஏற்ற நாத்தனார்தான்.

ஜோலார்பேட்டையில் ஏறி, சென்னையில் மாறி, டில்லியில் மாறி, டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க ஜீப்பில் போனோம். கேதார்காந்தா என்று மலைக்குப் பேர். கூட வந்தவர்கள் எல்லாம் திவ்யா வயதுக்காரர்கள், முதுகில் விதவிதமான பை. நான் ஒருத்திதான் புடவைக்காரி, அதுவும் அன்றைக்கு அண்ணனுடைய டிராக் பேண்டில். கடைசி ஆளோடு சேர்ந்து வர ஒரு கைடு, பிரேம் என்று பேர், நம் வயசு. கம்பெனியில் கேட்டுப் பழகிய நம்ம ஆம்பூர் உருதுவில் நான் பேச ஆரம்பித்ததும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பழகிவிட்டது.

அடிவாரத்துக் கிராமத்தில்தான் உன் ஷூவைப் போட்டு மண்ணில் கால் வைத்தேன். முதல் நாள் ராஜ நடை. தேவதாரு மரங்களுக்கு நடுவே பாதை, இரண்டு பக்கமும் பனி. இந்தக் காலுக்கு இப்படி ஒரு சுகமா என்று திவ்யாவிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். இரண்டாம் நாள் மத்தியானம் இடது குதிகால் மட்டும் என்னவோ பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பனியில் என் பின்னாலேயே கருப்பாக உதிர்ந்து கிடந்தது, கேழ்வரகுப் புட்டு சிந்திய மாதிரி.

சோல். குனிந்து தொட்டேன், கையோடு வந்தது. சாயங்காலத்துக்குள் வலதும் போய்விட்டது.

கூடாரத்தில் உட்கார்ந்து ஷூவை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் பூராவும் நொறுங்கியிருந்தது. நீ தைத்த இடம் ஒன்றும் ஆகவில்லை. மேல்தோலில் ஒரு தையல் விடவில்லை, ஒரு நூல் தூக்கவில்லை. பிரேம் அகலமான டேப்பையும் கயிற்றையும் போட்டு இறுக்கிச் சுற்றினார். "நாளைக்குப் பார்க்கலாம், ஆனால் நான் நில் என்றால் நிற்க வேண்டும்" என்றார்.

மறுநாள் விடிகிறபோது கிளம்பினோம். கடைசி ஏற்றம் அது. நாலு அடி வைத்தால் ஒரு தரம் நிற்க வேண்டும், நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் தொப்பிக்குள்ளேயே கேட்கும். பாதிக்கு மேல் ஏறியிருப்போம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது அண்ணி, அதன் மேல் எறும்பு போல முன்னால் போனவர்கள். அப்போதுதான் இடது காலில் டேப் அறுந்து பனித்தண்ணீர் உள்ளே புகுந்தது. பிரேம் ஷூவைக் கழற்றி, என் விரல்களை அமுக்கிப் பார்த்தார். விரல் வெளுத்திருந்தது. இதற்கு மேல் போனால் விரல் போய்விடும் என்றார். அவர் குரலில் வாதத்துக்கு இடமில்லை.

திவ்யா கைக்கோலைப் பனியில் குத்தி நட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நீ வராம நான் போ மாட்டேன் அத்த. ரெண்டு பேரும் எறங்கிடலாம். அடுத்த வருஷம் வரலாம் வுடு."

அதே வார்த்தை. அதே "வுடு". எனக்கு வந்ததே கோபம்.

"ஏந்துரு. உங்கம்மாவும் இதையேதான் சொன்னா. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு எங்க போய் சேந்தா பாத்த இல்ல? எனக்கு அன்னிக்கு முட்டி வலிக்கல திவ்யா. பயந்துக்கினு பொய் சொன்னேன். என் பொய்யாலதான் அவ மலைக்குப் போகாம கெடந்தா. நீயும் எனக்காக நிக்காத. போடி மேல."

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக மறைத்து வைத்ததை, மூச்சு வாங்குகிற இடத்தில், உன் மகளிடமே சொல்லிவிட்டேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும் அத்த" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"உனக்குத் தைலம் தேச்சிட்டு வந்து கைய கழுவும்போதே சொன்னாங்க. முட்டியில ஒரு வீக்கமும் இல்ல, அவளுக்கு பயம், கேட்டா ஒத்துக்க மாட்டா, பயம் தெளியட்டும், அப்புறம் கூட்டிக்கினு போலாம்னாங்க. நானா சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் வாயத் திறக்கல."

அண்ணி, தெரிந்தேதான் தேய்த்தாயா? அரை மணி நேரம், அந்தத் தைலத்தை?

திவ்யாவின் முதுகில் கை வைத்து மேலே பார்த்துத் தள்ளினேன். அவள் எழுந்தாள். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

பிரேம் தன் பையிலிருந்து உலர்ந்த கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிவிட்டார். பாறை மறைவில் உட்கார வைத்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். அங்கிருந்து திவ்யாவின் சிவப்புக் குல்லாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சில சமயம் அது நின்றுவிடும், எனக்குப் பகீரென்கும். பிறகு நகரும். கடைசியில் வானத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் பிரேம் இருக்கிறாரே என்றெல்லாம் பார்க்கவில்லை, வாய்விட்டு அழுதேன். அவர் எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இறங்கி வந்தவளிடம், "மேல இன்னா இருந்துது?" என்று கேட்டேன்.

"காத்துதான் அத்த. ஜாஸ்தி காத்து. கல்ல அடுக்கி ஒரு சூலம் வெச்சிக்கிறாங்க. அம்மான்னு கத்தணும்னு நெனச்சிக்கினுதான் போனேன். மூச்சே வர்ல."

நான் உச்சியைத் தொடவில்லை அண்ணி. ஊரில் எல்லோரும் நானும் ஏறிவிட்டதாக நினைக்கிறார்கள். சரோஜா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இன்னொரு பொய்யைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பி வந்ததும் அந்த ஷூவைக் கம்பெனியில் ஷூவைச் சோதிக்கிற லேபுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர் கையில் வாங்கிக் கசக்கிப் பார்த்தார். "எத்தினி வருஷமா போடாம வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இந்த ரக சோல மூடி வெக்கக் கூடாதும்மா. ஈரத்த குடிச்சி உள்ளயே மக்கிடும். போட்டு நடந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஒழச்சிருக்கும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

சோல் ஒட்டும் பிரிவில் கேட்டு, உன் மேல்தோலுக்குப் புது சோல் போட்டு வாங்கிவிட்டேன். இப்போது தினமும் அதைத்தான் போடுகிறேன். வேலைக்கு, மார்க்கெட்டுக்கு, புடவைக்குக் கீழே. தெருவில் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முன்பக்கம் கீறல் விழுந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வாசலில் கழற்றி வைத்திருந்தேன். திவ்யா சேற்றைக்கூடத் துடைக்காமல் அப்படியே பொட்டு வைத்தாள், மறுநாள் அந்தப் பொட்டோடு வேலைக்குப் போனேன். காலிப் பெட்டியில் அண்ணன் மாத்திரைச் சீட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் ஏலகிரிக்கு வந்தான். பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன், முட்டி வலிக்குது" என்றான். திவ்யா என்னைப் பார்த்தாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அவனுக்கு நிஜமாகவே வீங்கியிருந்தது. உன் அளவுக்கு எனக்குக் கைராசி இல்லை, ஆனாலும் கொஞ்சம் தேய்த்துவிட்டேன்.

இந்தப் பனிக்காலத்துக்கு மறுபடி பேர் கொடுத்திருக்கிறேன். பயம் போய்விடவில்லை அண்ணி. நீ தெளியட்டும் என்று காத்திருந்தாயே, அது தெளியாது போலிருக்கிறது. அதோடேயே ஏறுகிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பயமாக இருக்கிறது என்றே சொல்வேன். முட்டி வலிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

நீ அளவு கொடுத்த காலோடு,
உன் நாத்தனார்
கலா